நேர்ச்சைக்கு ஓசி ஆகாது

இலவசம் என்று எங்கள் ஊர்க் கடைக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். உடனே உங்கள் கையையும் பையையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நான், யாரும் கூலி தராத இன்னொரு வேலையும் செய்துவந்தேன். கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று உண்டு, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று பாத்திரக் கடை, மருந்துக் கடை என ஏறி இறங்குவேன். மக்ரூன் டப்பாவுக்கு லேபிள் அடிக்கும் பேக்கரிக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார். உங்களுக்குக் கிறுக்கு முத்திப்போச்சு என்பாள் என் மனைவி. எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் என் வாய் நிற்காது.

அந்த வாய்தான் கடலோரத் திரேஸ்புரத்தில் ஒரு தையல்கடையில் என்னை மாட்டிவிட்டது. கடை நடத்தும் பெண்ணைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கம்ப்யூட்டரில் டிசைன் வரைந்து பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் எம்பிராய்டரி போடும் மெஷின் ஒன்று வைத்திருந்தாள். அவள் வரைந்த அலைக் கரை டிசைன் அந்த வட்டாரத்தில் பேர்போனது. மூன்று அலைகள் நிமிர்ந்து நிற்கும், நான்காவது மட்டும் தலை குனிந்திருக்கும். ஏன் அப்படி என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். கல்யாண ரவிக்கைக்கு அந்தக் கரை வேண்டுமென்றால் அவளிடம்தான் வரவேண்டும். பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் சொந்த அக்காவுக்குக்கூட அதைக் கொடுத்ததில்லை.

அவள் கணவர் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்தார். ஒருமுறை புயலில் அந்தத் தோணியைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. ஆள் திரும்பி வந்தால், திருவிழாவுக்கு மாதா சொரூபத்துக்குச் சாத்தும் நீல மேலங்கியைத் தன் கையால் தைத்துத் தருவதாக நேர்ந்துகொண்டாள். ஆள் வந்துவிட்டார். முன்னமே நேர்ந்தவர்கள் இருந்ததால், மூன்று வருஷம் கழித்து வரும் மேலங்கி அவளுடையது என்று கோயிலிலும் ஒத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் கொடியேற்றம் நெருங்கும்போது கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோக, என்னைக் கூப்பிட்டாள்.

திறந்து பார்த்தேன். டிசைன் போடும் மென்பொருள், யாரோ உடைத்து ஏற்றிக்கொடுத்த காப்பி. வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினேன். அவள் நூல் கோத்துக்கொண்டே 'ம்' கொட்டினாள். எரிச்சலில், இது பூட்டை உடைத்து எடுத்த திருட்டுச் சரக்கு என்று சொல்லிவிட்டேன். வைரஸ் வரும், வேலை கெடும் என்று தொண்டை வற்றக் கத்தியபோதெல்லாம் அசையாத ஊர் இது. அந்த ஒரு வார்த்தைக்கு, ஓடிக்கொண்டிருந்த மெஷினை அவள் நிறுத்தினாள்.

"திருட்டுச் சாமான வச்சா நான் மாதாவுக்குத் தைச்சிக்கிட்டு இருக்கேன்?"

மேலங்கியில் பாதிக் கரை முடிந்திருந்தது. சின்னக் கத்தரியை எடுத்து ஜரிகை நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் பதறிவிட்டேன். மாதா இதையெல்லாமா பார்க்கப் போகிறாள் என்று சொல்லிப்பார்த்தேன். உமக்கு எங்கள் மாதாவைப் பற்றி என்ன தெரியும் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

கட்டற்ற மென்பொருளை ஏற்றிக் கொடுத்தேன். இதைச் செய்தது யார், அவர்களுக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று கேட்டாள். யாருக்கும் ஒன்றும் தரவேண்டாம் என்றேன் பெருமையாக.

"அப்பச் சரிப்படாது. நேர்ச்சைக்கு ஓசி ஆகாது அண்ணாச்சி."

இத்தனை வருஷம் நான் கூவி விற்ற சரக்கே அதுதான், தரவேண்டியது ஒன்றுமில்லை என்பது. தடுமாறி, விரும்பினால் நன்கொடை அனுப்பலாம் என்றேன். காசு யாரும் கொடுப்பார்கள், நேர்ச்சை என்றால் நம் கையில் இருப்பதைக் கொடுக்கவேண்டும் என்றாள். சிலர் தாங்கள் வரைந்த டிசைனை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் பொதுவில் வைப்பதுண்டு என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவள் கையில் இருப்பதோ அந்த அலைக் கரை ஒன்றுதான்.

பழைய ஃபைல் புதியதில் திறக்கவில்லை. அலைகளை முதலிலிருந்து வரைந்தாள். நான்காவது அலையின் வளைவில் நூல் முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டது. வெட்டுத் துணிகளில் தைத்துத் தைத்துப் பார்த்தாள். நான் டீ வாங்கிக்கொடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மேலங்கி முடிந்ததும், கோயிலுக்குக் கொண்டுபோகும் முன் என்னைக் கூப்பிட்டு, கரையைப் பொதுவில் வைக்கச் சொன்னாள். நாளைக்கே உன் அக்கா இதைத் தைப்பாள் என்றேன்.

"தைக்கட்டும். போடுங்க."

போடும் முன் நான்தான் இரண்டு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தேன். கொடியேற்றத்தன்று கூட்டத்தில் நின்று அந்த நீல மேலங்கியைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. இவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயமும் அதில் கலந்திருந்தது.

பயந்தபடியே ஆயிற்று. அக்கா கடையில் அலை வந்தது, பிறகு மற்றக் கடைகளிலும் வந்தது. கரைக்காக வந்துகொண்டிருந்தவர்கள் பலர் வரவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தத் தெரு வழியாகப் போவதையே நான் குறைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, டிசைனை வைத்திருந்த இணையப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. எங்கோ வெளிநாட்டில் ஒரு பெண், பிறந்த குழந்தையின் தொப்பியில் அந்தக் கரையைத் தைத்து, பிள்ளைக்குப் போட்டும் விட்டிருந்தாள். போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். தங்கச்சி படத்தைப் பெரிதாக்கி நான்காவது அலையைத் தேடினாள். அங்கன கடல் உண்டா என்று கேட்டாள். அந்தப் பெண் எழுதியிருந்த ஊரை மேப்பில் பார்த்துவிட்டு, கிடையாது, சுற்றிலும் மலைதான் என்றேன்.

குனிந்திருந்த அலையை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அன்னைக்குத் தோணிய மூணு அலை தூக்கி அடிச்சிருக்கு அண்ணாச்சி. நாலாவது தலையக் குனிஞ்சு வழி விட்டுருச்சாம். அவுக வந்து சொன்னதத்தான் வரஞ்சேன். இத நான் மட்டும் வச்சிக்கிடுறது என்ன நியாயம்?"

படத்துக்குக் கீழே அவள் பேரில் ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படத்தைப் பார்த்தாள்.

"தொப்பி பிள்ளைக்கு நெத்தியில இறுக்குது. கொஞ்சம் பிரிச்சுத் தைக்கச் சொல்லுங்க."