ஃபேமிலி ரூமில் ஒரு பேப்பர் ரோஸ்ட்

வளைகுடாவில், அல் குசைஸில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் இந்திய ஓட்டல் திறந்தபோது எனக்கு எட்டு வயது. அதுவரை ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, எல்லோரும் அங்கே டிபனுக்குப் போகிறோம் என்று அப்பா சொன்னதும், பல்கூடத் துலக்காமல் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எங்களோடு இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து வந்தவர் தூங்காமல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டார். ஓட்டலுக்குப் பட்டு கட்ட வேண்டும் போலிருக்கிறது என்று நானும் பிறந்தநாள் கவுனுக்கு மாறினேன்.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று திரைச்சீலை போட்ட ஃபேமிலி ரூம் இருந்தது. அபுதாபியில் டெக்னீஷியனாக இருந்த அப்பாவின் நண்பர் ஒருவர், தற்செயலாக வந்தவர் போல வெளி ஹாலில் உட்கார்ந்திருந்தார். அப்பா அவரை உள்ளே கூட்டிவந்தார். அவர் வணக்கம் சொன்னார். சித்தி தலை நிமிரவேயில்லை. இரண்டே நிமிடத்தில் அப்பாவும் அவரும் ஹாலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

பேப்பர் ரோஸ்ட் வந்தது. தட்டுக்கு இரண்டு பக்கமும் முழ நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து உடைப்பது என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தபோது, சித்தி என் காதருகே குனிந்தார்.

"கை கழுவுற மாதிரிப் போய், அவர் சர்வர்கிட்ட எப்படிப் பேசுறார்னு பாத்துட்டு வா."

ஓடினேன். குழாயடிக்குப் பக்கத்திலேயே, கண்ணாடிக்கு அந்தப்புறம் தோசைக்கல். மாஸ்டர் தண்ணீர் தெளித்ததும் ஆவி சீறிக்கொண்டு எழுந்தது. ஒரு கரண்டி மாவை ஊற்றி, கல்லின் விளிம்புவரை இழுத்தார். மூன்று ரோஸ்ட் வார்த்து முடியும்வரை நான் நகரவில்லை. அந்த நண்பர் எந்த மேசையில் இருந்தார் என்றுகூட நான் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். மரியாதையாகப் பேசுவது பற்றி ஸ்கூலில் மிஸ் சொல்லித்தந்தது நினைவுக்கு வர, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சிரிச்சுட்டே பேசுறார் சித்தி. பிளீஸ்னுகூடச் சொன்னார்."

"நெஜமாவா?"

வாய் நிறைய ரோஸ்ட்டோடு தலையாட்டினேன்.

அன்று மாலையே சித்தி அம்மாவிடம் சம்மதம் சொல்லிவிட்டார். அடுத்த லீவில் ஊரில் கல்யாணம். சித்தப்பா நல்லவராகவே அமைந்தார். அதில் என் பங்கு ஒன்றுமில்லை. தன் ஆயுளுக்கான பதிலைத்தான் சித்தி அன்று என்னிடம் கேட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நமுத்துப்போவதற்குள் ரோஸ்ட்டைத் தின்றுவிட வேண்டும் என்பது ஒன்றே என் அவசரமாக இருந்தது.