கட்டைக்கு வைத்த மா

கிழட்டு மரத்துக்கு வைத்தியம் பார்க்கிற தொழிலில் நோயாளியால் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை முழுவதும் மரத்தின் சொந்தக்காரரால்தான்.

யாழ்ப்பாணத்து அரியாலையின் பழைய வீட்டு வளவுகளில் நிற்கிற பெரிய மரங்களில் பாதிக்கு மேல் என் கைபட்டவை. நானும் முதலில் மரம் தறிக்கிறவன்தான். தறித்த மரத்துக்கு நான் மறுபடி தேவைப்படமாட்டேன், காப்பாற்றிய மரத்துக்கு வருடாவருடம் தேவைப்படுவேன் என்ற புத்தி வந்த பிறகு கோடாலியை வைத்துவிட்டு வாளையும் தாரையும் எடுத்துக்கொண்டேன். சின்ன வளவும் பெரிய மரமும் வைத்திருக்கிற வாசகர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. காற்று எழும்பினால் முகட்டைப் பார்த்தபடி படுத்திருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் நீங்கள்.

பச்சையாக நின்ற பகுதி

பங்குனி வெயிலில் ஒரு நாள், உபாத்தியாயர் வீட்டு அம்மா ஆளனுப்பினார். அவர்களுடைய அம்பலவி மாவில் ஒரு பக்கம் இலை கொட்டிக் குச்சி குச்சியாக நின்றது. மற்றப் பக்கம் பச்சைப் பசேலென்று சடைத்து, சிவப்பாகப் பூத்தும் இருந்தது. எனக்குப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. பச்சையாக நின்றது மாவே இல்லை, குருவிச்சை. குருவி போட்ட எச்சத்தில் முளைத்து, கொப்பிலே வேர் விட்டு, மரத்தின் சாற்றைக் குடித்துக் கொழுப்பது அது. மேலே ஏறி அதை வெட்டத் தொடங்கினேன்.

அம்மா குசினியிலிருந்து அகப்பையும் கையுமாக ஓடிவந்தார். நான் இறங்கி, இரண்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இது மா, இது அதைத் தின்கிற சனியன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார், தலையையும் ஆட்டினார். பிறகு சொன்னார்: "அது சரி அண்ணை. ஆனா வீட்டுக்கு வாற சனம் எல்லாம் இந்தப் பக்கத்தைப் பாத்துத்தான் மரம் நல்லா நிக்குதெண்டு சொல்லுறவை. நீங்கள் அந்தக் காய்ஞ்ச பக்கத்தை வெட்டிப்போட்டு இதை விடுங்கோ."

மரத்துக்கு ஒரு உத்தியோகம்

எதிர் வளவிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விசுவலிங்கத்தார். மலாயாவில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சனோடு ஊர் திரும்பியவர். மனைவி இல்லை, மகள் பாக்கியத்தோடும் மருமகனோடும் பேரப்பிள்ளைகளோடும் இருந்தார். என்னைக் கைதட்டிக் கூப்பிட்டுத் தன் பின்வளவுக்குக் கொண்டுபோனார்.

அங்கே நின்றது ஒரு கறுத்தக் கொழும்பான் மா. அவருடைய தகப்பன் வைத்த மரம். நடுவிலே ஆள் கை போகும் பொந்து, பொந்துக்குள்ளே கறையான், போதாக்குறைக்குப் பிள்ளைகள் படுக்கிற பின்னறைப் பக்கமாக நல்ல சரிவு. காய்த்துக் கனகாலம். இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் சொந்த வளவில் நிற்கிற மாவைத் தறித்துத்தான் சிதைக்குக் கட்டை அடுக்குவது. விசுவலிங்கத்தார் தன் கட்டைக்கென்று அந்த மாவை ஒதுக்கி வைத்திருந்தார். "எனக்கு முன்னம் உது போகக்கூடாது, காணும். அதுதான் உமக்கு வேலை" என்றார்.

"போகாது ஐயா" என்றேன். தொழிலில் எனக்கு நம்பிக்கை உண்டு. வேலிப் படலைக்கு வந்தபோது பாக்கியம் வழிமறித்தார். தகப்பனுக்குக் கேட்காதபடி, ஆனால் நல்ல கோபத்தோடு சொன்னார்: "அவருக்கு விறகு வேணுமெண்டு நீங்கள் மரத்தைக் காப்பாத்துங்கோ. ஒரு காத்துக்கு உது எங்கடை அறைக்கு மேல சரிஞ்சால், வீட்டில இருக்கிற எல்லாருக்கும் சேத்து விறகு காணும்."

அவருக்கும் வாக்குக் கொடுத்தேன். அறைப் பக்கம் ஒரு சுள்ளிகூட விழாது என்றேன். ஆக, ஒரே மரத்தை அப்பாவுக்காக நிற்கவைக்க வேண்டும், மகளுக்காக விழாமல் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்கிறவர்கள் பாக்கியத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு மரம் நிற்பது வேண்டாம். தறித்து எடுத்துவிட்டால் போதும்.

உரும்பிராய் வண்டில்

முதல் வேலை பாரத்தைக் குறைப்பது. அறைக்கு மேலே நீண்டிருந்த கொப்புகளைக் கயிறு போட்டு ஒவ்வொன்றாக இறக்கினேன். குழை விழுகிற சத்தம் உரும்பிராய்வரை எப்படிக் கேட்கிறதோ தெரியாது, கொப்பு நிலத்தில் படுவதற்குள் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் மாட்டு வண்டிலோடு படலையில் நின்றார். தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்க்க இலைகுழை வேண்டுமாம். மாவிலை உக்கச் சுணங்கும் என்று ஒரு குறை சொன்னார். பிறகு வண்டிலை நிறைத்தார்.

நிறைத்தும் போகவில்லை. அண்ணாந்து நின்று, "அந்தக் கொப்பையும் தட்டலாமே, இந்தக் கொப்பிலயும் சீவன் இல்லைப்போல" என்று எனக்கு வழிகாட்டத் தொடங்கினார். நான் பொந்தைச் சுரண்டிக் கறையான் புற்றை எடுத்தேன், உள்ளே தார் பூசினேன், செங்கல் துண்டும் சீமெந்தும் வைத்து அடைத்தேன். கடைசியில் மனிதர் வண்டிலில் ஏறி, மாட்டைத் தட்டியபடி சொன்னார்: "மரம் பிழைச்சால் பென்சனியர் ஐயாவுக்குச் சந்தோசம். பிழைக்காட்டி எனக்கொரு சொல்லு அனுப்புங்கோ."

வேலிக்கு அப்பால் ஒரு பனை

சரிவைப் பிடிக்க எதிர்ப்பக்கத்திலிருந்து முறுக்குக் கம்பி இழுத்துக் கட்டவேண்டும். எதிர்ப்பக்கம் தோதாக நின்றது ஒரே ஒரு வைரம் பாய்ந்த பனை. அது வேலிக்கு அப்பால், கோட்டில் வழக்குப் பேசி ஓய்வுபெற்ற அப்புக்காத்து ஒருவரின் வளவில் நின்றது. வேலி விசயத்தில் யாழ்ப்பாணத்து மனிதர் எவரும் பாதி அப்புக்காத்துத்தான். இவரோ முழு அப்புக்காத்து.

நானும் விசுவலிங்கத்தாரும் போய்க் கேட்டோம். பனைக்குச் சேதம் வராது, சாக்குச் சுற்றித்தான் கம்பி போடுவேன் என்றேன். அப்புக்காத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பனைக்குச் சேதம் வருவதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. "இண்டைக்குக் கம்பி வரும். நாளைக்கு அந்தக் கம்பி வழியே வேலி வரும்!" என்றார்.

கம்பி வருசத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டப்படும், கட்டும்போதெல்லாம் அவரிடம் புதிதாக உத்தரவு கேட்கப்படும் என்று நான் யோசனை சொன்னேன். மனிதருக்கு அது பிடித்துவிட்டது. அன்றிலிருந்து நான் போகும்போதெல்லாம் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்திருந்து, "என்ன விசயம்?" என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்பார்.

கோடாலிச் சத்தம்

அடுத்த மாரியில் விசுவலிங்கத்தார் காய்ச்சலில் விழுந்தார். பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, சொந்தக்காரருக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார். இனசனம் வந்து விறாந்தை நிறைய இருந்தது. மருமகன் நல்ல மனிதர், ஆனால் எதையும் முன்கூட்டியே செய்துவைக்கிறவர். மழை விடாமல் பெய்கிறது, ஈர மாங்கட்டை எரியாது, இப்போதே தறித்துப் பிளந்து மாட்டுக்கொட்டிலில் அடுக்கினால் கொஞ்சமாவது உலரும் என்று கணக்குப் போட்டு, விடியற்காலை இரண்டு பேரைக் கோடாலியோடு கூட்டிவந்துவிட்டார்.

நான் மழைக்குள் கம்பி பார்க்கப் போனவன், முதல் வெட்டு விழுகிற நேரம் படலைக்குள் காலை வைத்தேன். என்ரை மரம்! நான் பின்வளவுக்கு ஓடிக் கத்த வாயெடுப்பதற்குள் இன்னும் நாலைந்து வெட்டு விழுந்தது, வீட்டின் பின்கதவும் திறந்தது. மூன்று நாளாகக் கஞ்சி இறங்காத மனிதர் சுவரைப் பிடித்தபடி, சால்வை நிலத்தில் இழுபட, வாசலில் நின்றார். கோடாலிக்காரர் இருவரும் பேயைக் கண்டவர்கள்போலப் பின்வாங்கினார்கள். விசுவலிங்கத்தார் மருமகனைப் பார்த்து, ஸ்டேசனில் அதட்டின அதே குரலில் கேட்டார்: "கோச்சி இன்னும் சிக்னல் தாண்டேல்லை. அதுக்குள்ள ஆரடா மணி அடிச்சவன்?"

பின்னறை

காய்ச்சல் அன்று மாலையே இறங்கத் தொடங்கியது. நான் மரத்தின் வெட்டுக்காயத்தைச் செதுக்கித் துப்புரவாக்கி, சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசி, சாக்கால் கட்டினேன். காயம் ஆழம். அடுத்த காற்றைத் தாங்குமா என்று எனக்கே ஐமிச்சம். தொழிலில் முதல்தரமாக வந்த ஐமிச்சம் அது. பாக்கியம் பின்பக்கம் வந்து நின்றார். இனிச் சாட்டுச் சொல்ல முடியாது, தறித்துவிடுங்கோ என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்து, வாளியைக் கழுவினபடி குனிந்திருந்தேன்.

அவர் மரத்தில் கையை வைத்தார். அழுதுகொண்டிருந்தார். பின்னறை யன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒரு பாயும் இல்லை, தலையணையும் இல்லை.

"பிள்ளையளின்ரை படுக்கையை முன்னறைக்கு மாத்திப்போட்டன், அண்ணை" என்றார். "அறை போனால் போகட்டும். உந்தக் கோடாலிச் சத்தம் கேட்டுத்தான் அப்பா எழும்பினவர். உது நிக்குமட்டும் அவரும் நிப்பார். விழ விடாதையுங்கோ."

மாவும் நிற்கிறது, விசுவலிங்கத்தாரும் இருக்கிறார். இரண்டில் எது எதைத் தாங்கிப் பிடிக்கிறது என்று யாராவது கேட்டால், எல்லா மரத்துக்கும் பதில் வைத்திருக்கிற நான் கம்பியை இன்னொரு முறுக்கு இறுக்கிவிட்டு வந்துவிடுகிறேன்.