எண் இல்லாத பிரதி

சிதம்பரத்தில் என்னோடு படித்த செந்தில், கம்ப்யூட்டர் கேம் சர்வருக்கு ஒரு புரோகிராம் எழுதி விற்றான். யாராவது திருட்டுத்தனமாகப் பரப்பினால் கண்டுபிடிக்க, ஒவ்வொரு பிரதிக்குள்ளும் வாங்கியவருக்கென்று ஓர் எண்ணை ஒளித்துவைப்பான். எனக்குச் சும்மாவே கொடுத்தான்.

"உன்னுதுல நம்பர் போடல மச்சான். உனக்குப் போயி எதுக்கு?"

அந்தத் தைரியம்தான். கடலூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த மாமா மகன் கேட்டதும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அது இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. செந்திலிடம் வாங்க ஆளில்லை.

"யாரு நம்பர்னு பாத்தியா?" என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன்.

அவன் திரையை என் பக்கம் திருப்பினான். எண் இருக்கவேண்டிய இடத்தில் 'மச்சான்' என்று இருந்தது.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து அவன் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான்.