ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு நாள்

என் அப்பாவின் முதுகை ஒடித்தவன் நான்தான்.

மூட்டை ஒடித்தது என்கிறது ஊர். மழை ஒடித்தது என்கிறாள் அம்மா. பையன் அன்று ஊரிலேயே இல்லை என்கிறார் அப்பா. எல்லாம் பொய்! நான் இருந்தேன். வாசலில் போட்ட கட்டிலில், கால் நீட்டிக் கிடந்தேன்.

ஆறுதல் கேட்டு இதை உங்களிடம் சொல்ல வரவில்லை. 'பாவம், தெரியாமல் செய்துவிட்டான்' என்று உச்சுக்கொட்டப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தெரிந்துதான் செய்தேன்.

நான் குண்டாக இருந்தவன். விலா எலும்பு தெரிய உழைத்தே பழகிய குடும்பத்தில் முதன்முதலாகத் தொப்பை போட்டவன். முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவனும் நானே. கோவில்பட்டியில் ஓர் அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே சேர்ந்த சதை அது. அம்மாவுக்கு அதில் எவ்வளவு பெருமை! "எம்புள்ள ஒக்காந்து சம்பாதிக்கான்லா, அதான் உடம்பு வச்சிருக்கான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வாள். எனக்கோ மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது.

எடையைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். படித்தவன் அல்லவா? பரீட்சைக்குப் படிப்பதுபோல் செல்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். மார்புக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள், காலுக்கு ஒரு நாள் என்று வாரம் முழுக்கத் தூக்கச் சொன்னான் ஒருவன். சோற்றை நிறுத்திவிட்டு ஓடு என்றான் இன்னொருவன். எதைத் தேர்ந்தெடுப்பது? குழம்பிப்போய் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஜிம்முக்குப் போனேன்.

அங்கே பயிற்சி கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நான் செல்பேசியில் காட்டியதையெல்லாம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணாச்சி, இதெல்லாம் பழகுனவங்களுக்கு. நீங்க புதுசு, எடையும் கொறையணும். வாரத்துல மூணு நாள் போதும். உக்காந்து எந்திரிக்கது, தள்ளுதது, இழுக்கது, தரையில இருந்து தூக்குதது... உடம்பு முழுசுக்கும் வேலை வந்துரும். வெயிட்ட மெதுவாக் கூட்டுவோம். பட்டினி மட்டும் கெடக்காதீங்க, கொழுப்போட சேந்து சதையும் கரைஞ்சிரும். முட்டை சாப்பிடுங்க. இடையில ஓய்வு கட்டாயம்."

பிறகு ஒன்று கேட்டார். "வீட்டுல வெவசாயமா? மூட்டை கீட்டை தூக்குவீங்களா? சொன்னா அதையும் சேத்துக் கணக்குப் போட்டுக்குவோம்."

பக்கத்தில் நல்ல சட்டை போட்ட இரண்டு பேர் கண்ணாடியில் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இல்ல மாஸ்டர்... எங்க வீட்டுல அந்த வேலையெல்லாம் கெடையாது" என்றேன்.

என் செருப்பில் கரிசல் மண் ஒட்டியிருந்தது. அதோடு நின்றுகொண்டுதான் சொன்னேன்! மாஸ்டர் குனிந்து என் செருப்பைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ஆகவே, மூட்டையே இல்லாத வீட்டுப் பையனுக்கு ஒரு பயிற்சி முறை கிடைத்தது. செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு ஓய்வு, கனமாக எதையும் தூக்க வேண்டாம்.

பலித்தது! அதை மறைக்க மாட்டேன். சட்டை தொளதொளத்தது, இடுப்புப் பட்டையில் புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது. தரையிலிருந்து கம்பியைத் தூக்கும் என் வீடியோவை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை...

அறுத்து உதிர்த்த மக்காச்சோளத்தை வீட்டுக்கு முன்னால் தார்ச்சாலையில் காயப் போட்டிருந்தோம். மத்தியானம் கிழக்கே திடீரென்று கறுத்தது. ஊரே அவரவர் சோளத்தை அள்ள ஓடியது. கூலிக்கு ஆள் எங்கே கிடைக்கும்? அம்மா சாக்குகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றி வீட்டுக்குள் கொண்டுபோனார்.

"ஏலே, ஒரு கை புடி."

"இன்னைக்கு எனக்கு ரெஸ்ட்டுப்பா. நேத்துதான் தூக்கியிருக்கேன். இன்னைக்குத் தூக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிருக்காரு."

"மழை இந்தா வருது, ஒத்த மூட்டையத் தூக்குனா தேஞ்சா போயிருவ? தடிமாடு!" என்றாள் அம்மா.

"ஏட்டி, சும்மா இரு. அவன் படிச்ச பய. அவனுக்குத் தெரியும்" என்றார் அப்பா.

கோபமே இல்லாத குரல். நான் பரீட்சைக்குப் படித்த காலத்தில், தண்ணீர் எடுக்கக்கூட என்னை எழுப்ப விடமாட்டார். அதே குரல்!

உண்மையில் என் சதைக்கு என்ன ஆகிவிடும் என்றா பயந்தேன்? அதுவும் பொய்! சாலையில் ஊரே நின்றது. மூட்டையை முதுகில் ஏற்றினால் நானும் அப்பாவைப் போலவே ஆகிவிடுவேன் என்று பயந்தேன். இரும்பைத் தூக்கக் கண்ணாடி வைத்திருந்தார்கள், கை தட்டினார்கள். சாக்குக்கு யார் கை தட்டுவார்கள்?

இன்னும் கேவலமான ஒன்று பாக்கியிருக்கிறது. கேளுங்கள்.

அப்பா குனிந்தபோது அவர் முதுகு வில்லாக வளைவதைப் பார்த்தேன். அப்படித் தூக்கக் கூடாது என்று எனக்கு மாஸ்டர் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். அடிபடும் என்று தெரியும். எழுந்தேனா? இல்லை... படுத்த இடத்திலிருந்தே வகுப்பெடுத்தேன்.

"முதுக வளைக்காதீங்கப்பா. இடுப்பப் பின்னால தள்ளி, காலால எந்திரிங்க."

"சரிங்க வாத்தியாரே" என்று சிரித்தார் அப்பா. அடுத்த மூட்டைக்குக் குனிந்தார். நான் சொன்னபடி இடுப்பைப் பின்னால் தள்ளிக்கூடப் பார்த்தார்! அது மூட்டை தூக்கியே தேய்ந்த இடுப்பு...

மளுக்கென்று ஒரு சத்தம்.

சோளத்தின் மேலேயே சரிந்தார். அப்போதுதான் கட்டிலை விட்டுக் குதித்தேன். தூக்கினேன்! என் ஓய்வு நாளில், அப்பாவைத் தூக்கினேன்! மழை கொட்டியது. மிச்சச் சோளம் நனைந்தே போனது.

முதுகெலும்பில் சவ்வு விலகிவிட்டது, இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். வெளியூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த சித்தப்பா முதலில் கேட்டது என்னைப் பற்றித்தான்.

"பய எங்க போயிருந்தான்? நீரு எதுக்குத் தூக்குனீரு?"

"அவன் ஊர்ல இல்லப்பா. இருந்தா என்னையத் தூக்க விட்டிருப்பானா?"

காபி வாங்கிக்கொண்டு வந்த நான் கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டேன். உள்ளே போய் 'இருந்தேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. காபியைக் கொடுத்தேன்.

ஏன் அப்பா பொய் சொன்னீர்கள்? ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாமே! காலம் பூராவும் உங்கள் பொய்க்குள் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிட்டீர்களே!

அம்மாவும் மழையின் மேல்தான் பழியைப் போட்டாள். வீடு திரும்பிய மறுநாள் காலையில் வழக்கம்போல் முட்டைகளை அவித்து, உரித்து என் தட்டில் வைத்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் தின்றேன்... தின்றேன்!

இந்த வருஷமும் சோளம் வந்தது. போன வாரம் மூட்டை கட்டினோம். அப்பா இடுப்பில் பெல்ட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சட்டையைக் கழற்றிவிட்டு முதல் மூட்டையிடம் போய்க் குனிந்தேன்.

"எய்யா, நீ வேண்டாம்யா" என்றார் பதறிப்போய். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா? ஒனக்கு ஓய்வுல்லா? ஆள் வரட்டும்."

குத்திக்காட்டினார் என்றா நினைக்கிறீர்கள்? அப்படி இருந்திருந்தால் அவர் காலில் விழுந்து அழுதிருப்பேன். இல்லை... என் கால அட்டவணையை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்!

மூட்டையைத் தூக்கினேன். இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக வைத்து, மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடியே.

கனக்கவேயில்லை.