தொண்டையோடு நின்ற மருந்து

மலேசியாவின் பாரோயில் எங்கள் வீட்டு மாடிப்படிகள் பதினான்கு. ஒருநாள் காலை ஒன்பதாவது படியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். மறுநாளும் அதே படி. ஒரு வாரத்தில் ஏழாவது. எழுபத்தாறு வயதில் அப்படித்தான் இருக்கும் என்றாள் மனைவி சரோஜா. வயது ஒரே வாரத்தில் இரண்டு படி இறங்குமா என்று கேட்டு அவளைத் தொல்லை செய்தேன்.

சிரம்பானில் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி மூச்சின் அளவை அறியும் சோதனை) செய்தார்கள். மூன்று முறை ஊதினேன். மூச்சுக்குழாய்கள் நாள்பட்டுச் சுருங்கியிருக்கின்றன, முழுதாகக் குணமாகாது, கட்டுப்படுத்தலாம் என்றார் டாக்டர், என் மகளைவிட இளையவர். சிகரெட் பழக்கம் உண்டா என்றார். ஒன்றுகூடப் பிடித்ததில்லை. வேறு புகை? பழைய வேலையைச் சொன்னேன்.

லாபுவில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் கிராணியாகக் கணக்கெழுதினேன். ரப்பர் ஷீட்டுகளை விறகுப் புகையில் காயவைக்கும் புகைவீடு அங்கே உண்டு. வெளியே எடுத்தபின் எண்ணினால் போதும் என்பார் அங்கு வேலை செய்த முனியாண்டி. அவர் கணக்கை நம்பாமல், கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நானே உள்ளே போய் எண்ணுவேன்.

டாக்டர் விளக்கினார். பெரிய தூசி மூக்கிலேயே தங்கிவிடும். அதைவிடச் சிறியது மூச்சுக்குழாய்ச் சளியில் ஒட்டி, இருமலோடு வெளியேறும். புகையின் மிக நுண்ணிய துகள்கள் நுண்ணறைகள் (இரத்தம் காற்றை வாங்கிக்கொள்ளும் சிறு பைகள்) வரை இறங்கிப் படியும். என் கைக்குட்டை அவற்றுக்கு ஒரு தடையே இல்லை.

எனக்கு ஒரே கவலைதான். எஸ்டேட் கோயில் திருவிழாவில் நானும் சரோஜாவும் நாற்பத்தேழு ஆண்டுகளாகச் சேர்ந்து பொங்கல் வைக்கிறோம். இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அடுப்புப் பக்கம் போகவே கூடாது, மூச்சு சீரானால் காற்று வரும் பக்கமாகத் தள்ளி உட்காரலாம் என்றார் டாக்டர்.

மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்குப்பி (வாயில் வைத்து அமுக்கி உள்ளிழுக்கும் இன்ஹேலர்) தந்தார்கள். காலையில் இரண்டு அமுக்கு, மாலையில் இரண்டு. மீதி அமுக்குகளைக் காட்டும் குப்பியின் எண் இருநூறில் தொடங்கி, ஒரு மாதத்தில் சரியாக எண்பதுக்கு வந்தது. நானோ ஏழாவது படியில்தான் நின்றேன்.

டாக்டர் தன் முன்னால் எடுத்துக் காட்டச் சொன்னார். முத்திரை குத்துவதுபோல் இரண்டு அமுக்கு அமுக்கி, சட்டென்று இழுத்தேன்.

“எண்ணிக்கை சரிதான் அங்கிள். மருந்துதான் தொண்டையிலேயே நின்னுடுதுலா. ஒவ்வொண்ணா அமுக்கி, மெதுவா இழுங்க. பத்து எண்ணுற வரைக்கும் மூச்சப் பிடிங்க.”

மருந்தும் துகள்தான். புகை போன வழியில்தான் அதுவும் போயாக வேண்டும். படிவதற்கு அதற்கும் நேரம் வேண்டும். இதே மருந்து எடுப்பவர்கள் ஒருமுறை டாக்டர் முன்னால் எடுத்துக் காட்டுங்கள். எனக்கு ஒரு மாதம் வீணானது.

டாக்டர் சொன்னபடி எடுத்ததில் மூச்சு ஓரளவு சீரானது. திருவிழாவுக்குப் போனோம். அடுப்புகளிலிருந்து அறுபது அடி தள்ளி, காற்று வரும் பக்கம் எனக்கு நாற்காலி போட்டாள் சரோஜா.

“பொகவீட்டுக்குள்ள எண்ணுனது பத்தாதா? இங்கேர்ந்தே அடுப்ப எண்ணிக்கிட்டு இருங்க.”

முப்பத்தொரு அடுப்புகள். அவளுடையது நான்காவது. அவள் குனிந்து ஊதுவதும், கண்ணைத் துடைப்பதும் தெரிந்தன. பக்கத்தில் யாரோ சொன்னதற்குச் சிரித்தாள். என்ன சொன்னார்கள் என்று என் காதில் விழவில்லை. முன்பு மூச்சு வருவதும் போவதும் எனக்குத் தெரியாது. இப்போது உள்ளே ஒரு நீண்ட பாதை இருப்பது தெரிகிறது. அதில் கொஞ்ச தூரம்தான் போய்வர முடிகிறது.

பொங்கியபின் வந்தவள் பத்தடி தள்ளியே நின்றுகொண்டாள்.

“கிட்ட வா” என்றேன்.

“பொடவையெல்லாம் பொகைங்க. காத்துல கொஞ்சம் போகட்டும்.”

முந்தானையைக் காற்றில் விரித்துப் பிடித்து நின்றாள். ஒரு புடவையிலிருந்து புகை போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்காகப் பிடித்துவைத்திருந்த பக்கத்து நாற்காலியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.