இல்லாத பிள்ளைக்கு முதல் மன்றாட்டு

அன்னாளுக்கு ஒரு சின்னப் பிள்ளையின் மேல் பொறாமை. சொன்னால் சிரிப்பீர்கள். அதுவும் புற்றுநோயில் கிடக்கிற ஏழு வயது வெளிநாட்டுப் பிள்ளையின் மேல்.

அந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் அவள் பிளாக்கின் கத்தோலிக்கக் குடும்பங்கள் 'அன்பியம்' என்ற ஜெபக் குழுவாக வாரம் ஒரு குவார்ட்டர்ஸில் கூடும். பக்கத்து வீட்டு மெர்லினின் மகன் லியோ சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவன் அனுப்பிய மெயிலை மெர்லின் பிரிண்ட் எடுத்துவந்து ஒருநாள் வாசித்தாள். எமி என்ற குழந்தை சாகக் கிடக்கிறதாம். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆபரேஷன் செலவை ஒரு கம்பெனி ஏற்குமாம். எல்லோரும் கண் கலங்கினார்கள். மெயில் அனுப்ப வழியில்லாதவர்கள் ஜெபமாவது செய்வோம் என்று அன்பியத் தலைவர் செபாஸ்டின் எமியை முதல் மன்றாட்டாக வைத்தார். அன்றிலிருந்து வாராவாரம் எமிதான் முதல்.

அன்னாளின் மகன் ஆல்பின் மைன்ஸில் பல வருஷமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவன் பர்மனென்ட் ஆகவேண்டும் என்கிற மன்றாட்டு கடைசியில்தான் வரும். அதற்குள் சுண்டல் தாளிக்கிற வாசனை வந்து, எல்லோர் மனமும் அடுப்படிக்குப் போய்விட்டிருக்கும். கடவுள் மட்டும் கவனிப்பாரா என்ன? மெர்லினுக்குச் சென்னையில் மகனும் வேண்டும், ஊரார் கண்ணீரும் வேண்டுமா? அன்னாளுக்கு வயிறு எரிந்தது.

அந்த மெயில் நிஜம்தானா என்று பார்க்க ஒருநாள் ஆல்பினை பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவன் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"புரளிம்மா இது. நாலஞ்சு வருஷமா சுத்திகினு இருக்குது. அந்தப் புள்ளைக்கு மட்டும் இன்னும் ஏழே வயசு! அப்படி யாருமே இல்லன்னு ஆஸ்பத்திரியே சொல்லிடுச்சாம்."

அன்னாளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஒரு குழந்தை இல்லை என்றதற்கு இப்படி மகிழ்ந்தவள் டவுன்ஷிப்பிலேயே இவள் ஒருத்திதான்.

அடுத்த கூட்டம் அவள் வீட்டில். ஜெபம் தொடங்குமுன்பே போட்டு உடைத்தாள். "எமின்னு யாருமே இல்லீங்க. இத்தினி நாளா இல்லாத புள்ளைக்கு முட்டி போட்டுகினு இருந்திருக்கோம்!"

மெர்லின் முகம் வெளுத்தது. "அந்தப் புள்ளைக்காக வெள்ளிக்கிழமையெல்லாம் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேங்க..." என்றவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நல்லவேளை சொன்னாய் என்று அன்னாளிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

செபாஸ்டின் தொண்டையைச் செருமினார். "ஏமாந்து மனசு நொந்துபோன நம்ம சகோதரி மெர்லினுக்காக முதல்ல மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு அன்னாளும் சொன்னாள்.

ஆல்பினின் முறை கடைசியில் வந்தது. அன்று சுண்டல் அவள் பொறுப்பு. மகனுக்காகக் கூட்டம் மன்றாடியபோது அவள் அடுப்படியில் நின்றாள். எண்ணெயில் கடுகு வெடித்த சத்தத்தில் அவன் பெயர்கூட அவளுக்குக் கேட்கவில்லை.