காதக்காவும் பத்தொன்பது வயிற்றெரிச்சலும்

"ஐயய்யோ, எப்பலேர்ந்து?" என்று கேட்கிறார் காதக்கா. பதில் வராது. அவர் கேட்டுக்கொண்டிருப்பது முந்தின நாள் யாரோ பேசி வைத்த பதிவு. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பார். காதில் ஹெட்போனை மாட்டி, கண்களை மூடி, ஒரு காலைச் செருப்பிலிருந்து விடுவித்து, "அடப் பாவமே", "அப்புறம்?", "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று எதிரே இருக்கும் பெட்டியிடம் விசாரித்தபடி இருப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

நகரச் சுகாதார அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் ஜன்னலோர மேசை அவருடையது. நாள் முழுக்கக் காதாலேயே வேலை பார்ப்பதால் மாடிக்கு அவர் 'காதக்கா'. உடம்பு சரியில்லாதவர்கள் ஒரு இலவச எண்ணுக்கு அழைத்துத் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி வைக்கலாம். செயற்கை நுண்ணறிவு மிஷின் ஒன்று அத்தனையையும் கேட்டு, எந்தத் தெருவில் எந்த நோய் தலைகாட்டுகிறது என்று வரைபடத்தில் புள்ளி வைக்கும். ஒரே தெருவில் பத்துப் புள்ளி சேர்ந்தால் சிவப்பு வட்டம்; மரணம் என்றால் ஒன்றே போதும். கொள்ளைநோய் கிளம்பும்போதே அமுக்கிவிடலாம் என்பது திட்டம்.

நல்ல திட்டம்தான். ஜனங்களின் பேச்சுதான் இடித்தது. "எங்க மேனேஜரைப் பார்த்தாலே காய்ச்சல் வருது" என்று ஒருவர் சொன்னால், காய்ச்சல் ஒன்று. "அந்த சீரியலைப் பார்த்தா குமட்டுது" என்றால், குமட்டல் ஒன்று. அதனால்தான் அக்காவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மருத்துவமனையில் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து "என்ன பண்ணுது?" என்று கேட்டவர். மேசையில் அவருக்கு இரண்டே பொத்தான்கள்: பச்சை அழுத்தினால் 'நோய்', மஞ்சள் அழுத்தினால் 'பேச்சு'. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. துணி காயப்போடச் சொன்னதும் "முதுகு விட்டுப்போச்சும்மா" என்று கணவர் முனகினால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பேச்சு" என்பார்.

மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை, மிஷின் ஒரு குறுக்குத் தெருவைச் சிவப்பில் வளைத்தது. கடும் வயிற்றெரிச்சல், பத்தொன்பது பேர். தலைமை டாக்டர் பதறிப்போய் இரண்டு வண்டிகளைக் கிளப்பினார். அக்கா பதிவுகளைப் போட்டார்.

"எதிர் வீட்டுக்காரன் மூணு மாடி கட்டினது போதாதுன்னு இப்ப லிஃப்ட் வெக்கிறான். வயிறு எரியுது."

அடுத்ததும் லிஃப்ட். அதற்கடுத்ததும் லிஃப்ட். இதைச் சொல்ல ஏன் சுகாதார எண்? குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் அந்தத் தெருவுக்கு வேறு யாரும் இல்லை போலும். அக்கா மஞ்சள் பொத்தானைப் பத்தொன்பது முறை தட்டிவிட்டு டாக்டர் அறைக்குப் போனார்.

"வண்டியைத் திருப்பச் சொல்லுங்க சார். எரியுது, ஆனா வயித்துல இல்ல."

"பின்ன எங்கம்மா?"

"லிஃப்ட்ல சார்."

வண்டிகள் திரும்பின. மாடியே சிரித்தது. மிஷினைக் கவனிக்கும் பொறியாளர் மட்டும் தன் பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். டாக்டர் செலவில் அக்காவுக்கு டீ வந்தது.

பாதி டீயில் அவருக்கு ஏதோ நெருடியது. பன்னிரண்டாவது குரல். ஒரு மருமகள். "வயிறு எரியுது" என்று சொல்லிவிட்டு அவள் மூச்சு வாங்கியிருந்தாள். அந்த இடத்தில்தான் அக்கா பொத்தானைத் தட்டிவிட்டார். இன்னும் சொல்ல இருப்பவர்கள்தானே மூச்சு வாங்குவார்கள்? சீட்டு ஜன்னலில் அவர் பார்க்காததா! ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடித்து, சீட்டையும் வாங்கிக்கொண்டு, நகரும்போதுதான் வந்த வலியைச் சொல்வார்கள். டம்ளரை வைத்துவிட்டு மிச்சத்தைப் போட்டார்.

"...லிஃப்டுக்குக் குழி தோண்டினதுலேர்ந்து குழாய்த் தண்ணி நாறுதுங்க. எங்க அத்தைக்கு நேத்துலேர்ந்து தண்ணியாப் போய்க்கிட்டே இருக்கு. கூப்பிட்டா 'ம்'ங்கிறாங்க. அவ்ளோதான்."

இந்தத் தடவை அக்கா எதுவும் கேட்கவில்லை. பத்தொன்பதையும் கடைசிவரை ஓடவிட்டார். ஏழு பேர் லிஃப்டைத் திட்டி முடித்த கையோடு வயிற்றுப்போக்கையும் சொல்லியிருந்தார்கள்.

அவர் ஓடியபோது டாக்டர் யாரிடமோ போனில் அந்த லிஃப்ட் கதையைத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு என்னோடது. மிஷின் சொன்னது சரி."

டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "அப்ப வயித்துலதானா?"

"வயித்துலயும் சார்."

"ஒரு முடிவுக்கு வாங்கம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுநர் மறுபடி வண்டியை எடுத்தார். குழி தோண்டியதில் குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலந்திருந்தது. முப்பத்தொரு பேருக்கு மருந்து, ஐந்து பேருக்கு ஊசிவழித் திரவம். அந்த அத்தைக்கு நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்ததாம். "இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அறிக்கையில் மிஷின் சொன்னது 'சரி' அல்லது 'தவறு' என்று இரண்டே கட்டங்கள். எதில் குறிப்பது என்று பொறியாளர் வந்து நின்றார். "நடுவுல கோடு இருக்குல்ல, அது மேல போடுங்க" என்றார் அக்கா. அன்றைக்கும் மறுநாளும் அவர் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அடுத்த வாரம், வேலை தொடங்கிய சற்று நேரத்தில், வரைபடம் மறுபடி சிவந்தது. அதே தெரு. 'மரணம்: ஒன்று.'

டாக்டர் அறையை விட்டு வந்து அக்காவின் பின்னால் நின்றார். அக்கா பதிவைத் தட்டினார்.

அதே மருமகள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து எங்க அத்தை என் உசுரை எடுக்கிறாங்க..."

அக்கா அந்த இடத்தில் நிறுத்தவில்லை. மருமகள் மூச்சு வாங்கினாள். அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, இன்னொரு குரல் கிளம்பியது.

அக்கா காதில் மாட்டியிருந்ததன் ஒயரைப் பெட்டியிலிருந்து சடக்கென்று பிடுங்கினார். மாடி முழுக்க அந்தக் குரல் அதிர்ந்தது:

"யாருகிட்டடி வம்பளந்துக்கிட்டு நிக்கிற? இந்தக் காப்பிக்குச் சர்க்கரையைக் கண்ணுலயாவது காட்டினியா இல்லையா?"

காதக்கா சத்தத்தை முழுசாகக் கூட்டினார்.